2,99,900 ராண்ட் கார் கடைசியில் எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயில் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விளம்பரத்தில் 2,99,900 ராண்ட் என்று பார்த்த சின்ன கார். டர்பனில் உள்ள ஒரு டீலர் அனுப்பிய மதிப்பீட்டில் கடன் தொகை 3,28,257.50. மாதத் தவணை 5,627, மொத்தம் 72 மாதம், கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய 89,970, அதாவது ‘பலூன்’. “அண்ணே, ஊரில் எக்ஸ்-ஷோரூம், ஆன்-ரோடு என்று இரண்டு விலைதான் தெரியும். இங்கே எது உண்மையான விலை? ஏமாற்றுகிறார்களா?” என்பது அவர் கேள்வி.

ஏமாற்று என்று சொல்ல முடியாது. அந்தத் தாளில் இருக்கும் எல்லாமே சட்டப்படி எழுதப்பட்டவைதான். ஆனால் அதில் பாதி உங்களுக்குத் தேவையில்லாதவை. நான் விருதுநகரிலிருந்து 2004இல் டர்பன் வந்தவன். கணக்கு வேலை. அதில் பதினோரு ஆண்டுகள் ஒரு கார் ஷோரூமின் கடன் பிரிவில் இதே மாதிரித் தாள்களைத் தயாரித்துக் கொடுத்தேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்ப் பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். இந்தியாவில் ஆன்-ரோடு விலை என்றால் சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து பெரிதாக ஏறும். தென்னாப்பிரிக்காவில் அரசுக்குப் போக வேண்டிய பெரிய வரிகள் எல்லாம் விளம்பர விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். மேலே ஏறுவது பெரும்பாலும் டீலரின் கட்டணங்கள். பெயர் ஒன்றேதான், ‘ஆன் தி ரோடு’. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. இந்தக் குழப்பத்தால்தான் நம் ஆட்கள் “சரி, ரோடு டாக்ஸ் இருக்கும்போல” என்று நினைத்துக் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறார்கள்.

அந்த 2,99,900க்குள் என்ன இருக்கிறது? மதிப்புக்கூட்டு வரி, இங்கே எல்லோரும் ‘வாட்’ என்பார்கள், 15 சதவீதம். 2018 ஏப்ரல் 1 அன்று 14இலிருந்து 15 ஆனது. 2025இல் 15.5 ஆக்கப் பார்த்து, பெரிய அரசியல் சண்டைக்குப் பிறகு ஏப்ரல் மாதமே கைவிட்டார்கள். விலையை 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் உள்ளே இருக்கும் வாட் தெரியும்: உங்கள் காரில் 39,117 ராண்ட். அதைக் கழித்தால் 2,60,783.

அடுத்தது ‘ஆட் வெலோரம்’ என்ற ஆடம்பர வரி. பெயரைக் கேட்டால் பென்ஸ் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று தோன்றும். இல்லை, சின்ன காருக்கும் உண்டு. வாட் நீங்கலான பரிந்துரைச் சில்லறை விலையை 0.00003ஆல் பெருக்கி, அதில் 0.75ஐக் கழித்தால் வருவதுதான் சதவீதம். உங்கள் காருக்குக் கணக்குப் போட்டால் 7.07 வருகிறது. வாட் நீங்கலாக 5,00,000 ராண்ட் விலை என்றால் 14.25. விலை ஏற ஏறச் சதவீதமும் ஏறும். 10,25,000 வந்ததும் 30 சதவீத மேல்வரம்பைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். 2018க்கு முன் அந்த வரம்பு 25ஆக இருந்தது. ஒன்று கவனியுங்கள், இந்தச் சதவீதம் சில்லறை விலையின் மேல் விழுவதில்லை. சுங்கத்திலோ தொழிற்சாலை வாசலிலோ கணக்கிடும் மதிப்பின் மேல் விழுவது. அதனால் சுமை பார்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவு.

இறக்குமதிக் கார் என்றால் அதற்கும் முன்னால் சுங்க வரி. பொதுவாக 25 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18. இந்தியாவில் செய்து டர்பன் துறைமுகத்தில் இறங்கும் சின்ன கார்கள் இங்கே ஏராளம். ஊரில் இதே கார் எவ்வளவு என்று பார்த்து வயிறு எரியாதீர்கள், வழியில் இத்தனை சுங்கச்சாவடி இருக்கிறது.

அப்புறம் கரிப்புகை வரி. 2010 செப்டம்பரில் தொடங்கியது. 2024 ஏப்ரலில் நிர்ணயித்த விகிதப்படி, கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் வரும் ஒவ்வொரு கிராம் கரியமில வாயுவுக்கும் 146 ராண்ட். 115 கிராம் விடும் காருக்கு 20 × 146, அதாவது 2,920. இரட்டைக் கேபின் பக்கிகளுக்கு வரம்பு 175 கிராம், கிராமுக்கு 195 ராண்ட். (இங்கே பிக்அப் வண்டியைப் ‘பக்கி’ என்பார்கள். வந்த புதிதில் என் மேலாளர் “எனக்கு ஒரு நல்ல பக்கி வேண்டும்” என்றபோது நான் பட்ட பாடு தனிக்கதை.)

இவ்வளவு வரியையும் ஏன் சொல்கிறேன் என்றால், இதில் எதையும் நீங்கள் பேரம் பேச முடியாது. ஆனால் ஒன்றைச் சரிபார்க்கலாம். சில மதிப்பீடுகளில் கரிப்புகை வரி தனி வரியாக வந்து நிற்கும். விளம்பரத்தின் அடியில் ‘வாட்டும் கரிப்புகை வரியும் உட்பட’ என்று சின்ன எழுத்தில் இருந்தால், தாளில் மறுபடி வரக் கூடாது. இரண்டு தடவை வந்ததை நானே திருத்தியிருக்கிறேன். வேண்டுமென்றே செய்ததா, கணினி செய்ததா என்பது எனக்குத் தெரிந்தும் சொல்லாத விஷயம்.

கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு இடைச்செருகல். வாட் பதிவு இருக்கிறதே, காரின் வாட்டைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வாட் சட்டத்தின் பார்வையில் ‘மோட்டார் கார்’ வாங்கினால், கார் வியாபாரமோ வாடகைக்கு விடுவதோ உங்கள் தொழிலாக இருந்தாலொழிய, கட்டிய வாட்டைத் திரும்பப் பெற முடியாது. இரட்டைக் கேபின் பக்கியும் அந்தக் கணக்கில் கார்தான். ஒற்றைக் கேபின் என்றால் தொழிலுக்குப் பயன்படும் அளவுக்குப் பெறலாம். சாட்ஸ்வொர்த்தில் மளிகை வைத்திருக்கும் ஒருவர் இது தெரியாமல் இரட்டைக் கேபினுக்கு முன்பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். அப்போது செய்ய ஒன்றும் இல்லை.

இனி தம்பியின் தாளுக்கு வருவோம். கார் விலைக்குக் கீழே இப்படி இருக்கிறது: ஆன் தி ரோடு கட்டணம் 7,950. லைசென்ஸ், பதிவு, நம்பர் பிளேட் 1,850. கண்ணாடிக்குப் பாதுகாப்புப் படலம் 2,950. பெயின்ட் பாதுகாப்பு 4,500. நீட்டித்த வாரன்ட்டி 9,900. ஆக 3,27,050. அதன் மேல் கடன் தொடக்கக் கட்டணம் 1,207.50.

ஆன் தி ரோடு கட்டணத்தை உடைத்துக் கேளுங்கள். கிடங்கிலிருந்து வண்டி கொண்டுவரும் செலவு, விநியோகத்துக்கு முந்தைய பரிசோதனை, கழுவித் துடைப்பது, ஒரு டேங்க் பெட்ரோல், கோப்பு வேலைக்கான ‘அட்மின்’ என்று பதில் வரும். பெட்ரோல் நியாயம், அதை நீங்கள்தான் எரிக்கப் போகிறீர்கள். மற்றவை எல்லாம், என்னைக் கேட்டால், கார் விற்கிறவர் தன் கடையை நடத்தும் செலவு. ஒரே கார், ஒரே ஊர், இரண்டு டீலர், இந்த ஒரு வரி மட்டும் இரட்டிப்பாக வேறுபடும். அளவுகோல் என்று ஒன்று இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. முழுவதும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். ஆனால் மாதக் கடைசியில், இலக்கை எட்ட இரண்டு கார் குறைவாக இருக்கும் நாளில், பாதியாகக் குறைவதை நான் கண்ணால் பார்த்தவன்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, காட்டிய விலைக்கு மேல் கேட்கக் கூடாது. அதனால்தான் எல்லா விளம்பரத்திலும் ‘ஆன் தி ரோடு கட்டணம் நீங்கலாக’ என்ற எறும்பு எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து இல்லாத விளம்பரம் கிடைத்தால் உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘முதல்’ என்ற சொல்லையும் பாருங்கள். ‘2,99,900 முதல்’ என்றால் அது கடைநிலை மாடல், படத்தில் மின்னுவது மேல்நிலை மாடலாக இருக்கும். உலோகப் பூச்சு வண்ணத்துக்குத் தனிக் காசு கேட்பதும் உண்டு.

லைசென்ஸ் விஷயம். கட்டணத்தை மாகாணம் நிர்ணயிக்கிறது, வண்டியின் வெற்று எடையைப் பொறுத்தது. சின்ன காருக்குச் சிறிய தொகைதான். டீலரின் ஆள் வரிசையில் நின்று வாங்கித் தருவதற்கு ஒரு கூலியும் இதில் கலந்திருக்கும். அரசு ரசீதைக் கேளுங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். இதில் பெரிய சண்டை போட வேண்டாம். லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கூலி நியாயமாகவே தோன்றும்.

கண்ணாடிப் படலம் தேவையா? ரோபோவில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்குகிற ஊர் இது. (சிக்னல் விளக்கை இங்கே ரோபோ என்பார்கள். இது பழகிவிடும்.) எனவே படலம் நல்லது. ஆனால் ஷோரூமில்தான் ஒட்ட வேண்டும் என்று இல்லை. வெளியே ஒட்டுகிறவர்களிடம் ஒரு விலை கேட்டுப் பாருங்கள். பெயின்ட் பாதுகாப்பு என்பது நல்ல மெழுகு, அழகான டப்பாவில். எடுத்துவிடுங்கள்.

வாரன்ட்டியில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதில் நானே அடிபட்டவன். 2005இல் என் முதல் கார். அப்போது நான் கார்த் தொழிலில் இல்லை. கடைக்காரர் மாதத் தவணையை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வட்டம் போட்டுக் காட்டினார். சம்பளத்தில் அடங்கியது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவி தாளைப் படித்துவிட்டு, “தொழிற்சாலையே மூன்று வருஷம் வாரன்ட்டி தருகிறதே, இது எதற்கு?” என்றாள். நீட்டித்த வாரன்ட்டி தொழிற்சாலை வாரன்ட்டி முடிந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். ஆனால் அதன் விலையைக் கடனில் சேர்த்ததால் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. உங்கள் 9,900ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டி, 72 மாதம் என்றால் மாதம் 193.55. கூட்டினால் 13,935. இதை மூன்றாம் ஆண்டு முடிவில், வண்டியை வைத்திருப்பதா விற்பதா என்று தெரிந்த பிறகு, கையிலிருக்கும் காசில் வாங்கிக்கொள்ளலாம்.

தேசியக் கடன் சட்டத்தின் 102ஆம் பிரிவு இந்தச் சாமான்களைப் பற்றியதுதான். விநியோகச் செலவு, முதல் எரிபொருள், பதிவுக் கட்டணம், நீட்டித்த வாரன்ட்டி இவற்றைக் கடனில் சேர்க்கலாம் என்கிறது. ஆனால் நியாயமான சந்தை விலைக்கு மேல் போகக் கூடாது. தொடக்கக் கட்டணத்தையும், ‘தனியாகக் கட்டுகிறீர்களா’ என்று உங்களிடம் கேட்டு, நீங்கள் வேண்டாம் என்ற பிறகே கடனில் ஏற்ற வேண்டும். பதினோரு ஆண்டில் இதை வாய்விட்டுக் கேட்ட சக ஊழியர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை, ஒத்துக்கொள்கிறேன். படிவத்தில் அந்தக் கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும்.

சர்வீஸ் திட்டம், பராமரிப்புத் திட்டம் இரண்டும் ஒன்று அல்ல. முதலாவது குறித்த கிலோமீட்டரில் எண்ணெய், வடிகட்டி மாற்றுவது. இரண்டாவதில் பிரேக் பேட் போலத் தேயும் பொருள்களும் அடங்கும். முன்பெல்லாம் கார் விலைக்குள்ளேயே கட்டிவைத்து, வேண்டாம் என்றால் முடியாது என்பார்கள். போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இவற்றின் விலையைப் பிரித்துக் காட்டி, வேண்டுமா என்று வாங்குகிறவரிடமே விட வேண்டும் என்றாகிவிட்டது. வாரன்ட்டிக் காலத்தில் வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்தாலே வாரன்ட்டி போச்சு என்ற பழைய மிரட்டலும் செல்லாது. ஆனாலும் சின்ன காருக்கு, ரிச்சர்ட்ஸ் பே மாதிரி ஊரில் இருப்பவர், திட்டம் மலிவாக இருந்தால் எடுத்துக்கொள்வதே நிம்மதி என்பது என் கருத்து. ‘திட்டம் இல்லாமல் என்ன விலை’ என்று கேட்ட பிறகு எடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். இதுவரை நாம் பேசியது சில்லறை. பெரிய பணம் ஓடுவது கடனில்.

உங்கள் தாளில் இருப்பதை அப்படியே போட்டுப் பார்த்தேன். 3,28,257.50 கடன், 12 சதவீதம், 72 மாதம், டெபாசிட் இல்லை, பலூன் 89,970, அதாவது விளம்பர விலையில் 30 சதவீதம். தவணை 5,558. அதோடு வங்கியின் மாதச் சேவைக் கட்டணம் 69 (சட்ட உச்சவரம்பு 60, அதன் மேல் வாட்). ஆக 5,627. டீலர் சொன்னது சரி. 72 மாதத்தில் கட்டியது 4,05,163. ஆறாவது வருஷக் கடைசியில் பலூன் 89,970. மொத்தம் 4,95,133 ராண்ட். இதுதான் தம்பி, அந்தத் தாளின் உண்மையான விலை. 2,99,900 அல்ல, 3,28,257 அல்ல.

பலூன் இல்லாமல் இதே கடன் என்றால் மாதம் 6,487 வரும், மொத்தம் 4,67,028. பலூன் தவணையை 860 ராண்ட் இறக்கிக் காட்டியது, அதற்குக் கூலியாக 28,000க்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த 89,970 ஆறு வருஷமும் அசையாமல் வட்டி மட்டும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஊரில் நகையை அடகு வைத்து வட்டி மட்டும் கட்டி வருவோமே, அதே கதை. கடைசியில் அதைக் கட்டக் காசு இல்லாமல், பலூனுக்கே இன்னொரு கடன் போடுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்த்திருக்கிறேன்.

இதே காரை வேறு மாதிரி வாங்கிப் பாருங்கள். படலம், பெயின்ட், வாரன்ட்டி எடுத்துவிட்டோம். ஆன் தி ரோடு பேசி 4,500 ஆக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 3,06,250. இன்னும் ஆறேழு மாதம் கம்பெனி பேருந்தில் போய்வந்து 60,000 டெபாசிட் சேர்க்கிறீர்கள். கடன், தொடக்கக் கட்டணத்தோடு, 2,47,457.50. அதே 12 சதவீதம், 60 மாதம், பலூன் இல்லை. தவணை சேவைக் கட்டணத்தோடு 5,574. டீலர் சொன்ன தவணையைவிட 53 ராண்ட் குறைவு! ஐந்து வருஷத்தில் மொத்தம், டெபாசிட்டையும் சேர்த்து, 3,94,414. முதல் வழிக்கும் இதற்கும் வித்தியாசம் 1,00,719 ராண்ட். அதுவும் ஒரு வருஷம் முன்னதாகக் கடன் முடிந்துவிடுகிறது.

“அந்த 60,000ஐ வங்கியில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்குமே” என்று ஒருவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஏழு சதவீதம் வைத்தாலும் ஐந்து வருஷத்தில் வட்டி சுமார் 24,000. கழித்த பிறகும் 76,000 மிச்சம்.

கடன் 2,50,000க்குக் கீழே வந்ததில் இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. தேசியக் கடன் சட்டப்படி 2,50,000 அல்லது அதற்கு மேல் என்றால் அது ‘பெரிய ஒப்பந்தம்’. முன்கூட்டியே மொத்தமாக அடைக்கப் போனால், மூன்று மாத முன்னறிவிப்புத் தராத பட்சத்தில், மூன்று மாத வட்டி வரை அபராதமாகக் கேட்கலாம். அதற்குக் கீழே என்றால் எப்போது வேண்டுமானாலும் கட்டி முடிக்கலாம், அபராதம் இல்லை. போனஸ் வரும் கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வட்டி விகிதத்தையும் டீலர் கையில் விடாதீர்கள். கடன் பிடித்துக் கொடுப்பதில் ஷோரூமுக்கும் வருமானம் உண்டு, என் சம்பளத்தில் ஒரு பகுதி அங்கிருந்துதான் வந்தது. சம்பளம் வரும் வங்கியிடம் நேராகப் போய் ஒரு மதிப்பீடு வாங்கிக்கொண்டு, பிறகு ஷோரூமுக்குப் போங்கள். சட்டப்படி கடன் மதிப்பீடு ஐந்து வேலை நாள் செல்லும். எனவே ‘இன்று மாலைக்குள் கையெழுத்து’ என்பதெல்லாம் நாடகம். ‘பிரைம்’ விகிதம் என்பது ரிசர்வ் வங்கியின் ரெப்போவோடு (அது மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மூன்றரை சேர்த்தது. உங்கள் வட்டி அதோடு இணைந்ததா, நிலையானதா என்று கேளுங்கள். இணைந்தது என்றால் மேலே நான் போட்ட கணக்கு ரெப்போ அசையும்போதெல்லாம் அசையும்.

காப்பீடு கார் விலையில் சேராது, ஆனால் மாதச் செலவில் தவணைக்கு அடுத்த பெரிய வரி அது. இங்கே ஊர் மாதிரி கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு கிடையாது. விபத்தில் காயம் பட்டவர்களுக்கான நிதி பெட்ரோல் விலையில் ஒரு தீர்வையாகப் பிடிக்கப்படுகிறது. ஆனால் கடன் இருக்கும் வரை வங்கி முழுக் காப்பீடு கேட்கும். டீலரின் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை, நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கார் மாடலை முடிவு செய்யும் முன்பே மூன்று இடத்தில் பிரீமியம் கேளுங்கள். இளைஞர், புதிதாக வந்தவர், தெருவில் நிறுத்துகிறவர் என்றால் தலை சுற்றும். கண்காணிப்புக் கருவி பொருத்தினால்தான் திருட்டுக்குக் காப்பீடு என்று நிபந்தனை வந்தால், அதன் மாதச் சந்தாவையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ‘சாஸ்ரியா’ என்று ஒரு சின்ன வரி இருக்கும், கலவரச் சேதத்துக்கானது. 2021 ஜூலையில் குவாசுலு-நட்டாலில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வரியை வெட்டச் சொல்வதில்லை.

‘ஷார்ட்ஃபால்’ காப்பீடு என்று ஒன்றும் விற்பார்கள். கார் முழுசாகப் போய்விட்டால் காப்பீட்டு நிறுவனம் சந்தை மதிப்பைத்தான் தரும். கடன் பாக்கி அதைவிட அதிகம் என்றால் இடைவெளி உங்கள் தலையில். டெபாசிட் இல்லாமல், மெழுகுக்கும் வாரன்ட்டிக்கும் சேர்த்துக் கடன் வாங்கி, பலூனும் வைத்தவருக்கு இது உண்மையிலேயே தேவை. நல்ல டெபாசிட் போட்டவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு சாமான் இன்னொரு சாமானைக் குட்டி போடுவது இப்படித்தான்.

டிசம்பரில் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே மறுவிற்பனையில் காரின் வயசை முதல் பதிவான வருஷத்தை வைத்துத்தான் பேசுவார்கள். டிசம்பர் 28இல் பதிவான கார் நான்கு நாளில் ‘போன வருஷ’ வண்டியாகிவிடும். அதற்கு ஈடாகத் தள்ளுபடி தந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஜனவரி வரை பொறுங்கள். டெமோ கார் நல்ல பேரம்தான், ஆனால் அதன் வாரன்ட்டி முதல் பதிவு நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, நடைமுறைக்கு வாருங்கள். டர்பன், பைன்டவுன், ரிச்சர்ட்ஸ் பே மூன்று இடத்திலும் உள்ள டீலர்களுக்கு ஒரே செய்தியை எழுத்தில் அனுப்புங்கள்: இந்த மாடல், இந்த வண்ணம், கடன் இல்லாமல் முழுப் பணம் கட்டி, நம்பர் பிளேட்டோடு வண்டியை உங்கள் வாசலிலிருந்து ஓட்டிப் போக மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு வரியும் தனித்தனியாக. தவணையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். பதில் தவணையாக வந்தால் அதே செய்தியை மறுபடி அனுப்புங்கள். ‘டெபாசிட் உதவி 15,000’, ‘பழைய கார் மாற்றுக்கு 20,000 உதவி’ என்று நிறுவனம் சலுகை அறிவித்திருந்தால், மாற்றக் கார் இல்லாத நீங்கள் அதை விலையிலேயே கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கழிப்பவரும் உண்டு. மூன்று பதிலும் வந்தபின் குறைந்த தொகையை மற்ற இருவருக்கும் காட்டுங்கள். கடன் பேச்சு அதற்கு அப்புறம், தனியாக.

வேலை விசாவில் இருப்பதால் இரண்டு விஷயம் கூடுதல். சில வங்கிகள் கடன் காலத்தை விசா முடியும் தேதிக்குள் அடக்கச் சொல்லும், டெபாசிட்டும் கூடக் கேட்கும். 72 மாதம் என்று டீலர் சொன்னதை வங்கி ஒத்துக்கொண்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இரண்டாவது, தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர் பெயரில் வண்டியைப் பதிய ‘டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர்’ வேண்டும். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, புகைப்படத்தோடு லைசென்ஸ் ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும், கைக்கு வர நாளாகும். கோயிலில் பூசைக்கு நாள் குறித்து, எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்துவிட்டு, இந்த எண் வராமல் வண்டி ஷோரூமிலேயே மூன்று வாரம் நின்ற குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். நாளைக் காலையே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், டீலர்களின் பதில் அதற்குள் வந்து சேரும்.